புதியவருக்கு எந்த வெப்காமிக்கைக் கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நல்ல வெப்காமிக் ஏதாவது இருந்தால் சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டால், உடனே பத்துப் பெயர் சொல்லிவிடுகிறோம். கேட்டவர் ஒன்றைக்கூடத் திறப்பதில்லை. எதை, எந்தப் பக்கத்திலிருந்து, எந்த வடிவில் கொடுத்தால் அவர் படிப்பார் என்பதுதான் இந்தப் பக்கத்தின் விஷயம். இங்கே வரும் காமிக்ஸ் பெரும்பாலும் ஆங்கிலத்தில் படிக்கக் கிடைப்பவை.

வெப்காமிக் என்று எதைச் சொல்கிறீர்கள்?

முதலில் இணையத்தில் வெளியாகி, அங்கேயே வாசகரைச் சேர்த்த காமிக்ஸை. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் போல அச்சில் வந்து பிறகு ஸ்கேன் செய்யப்பட்டவை இதில் சேராது. இணையத்தில் தொடங்கிப் பிறகு புத்தகமாக வந்தவை நிச்சயம் சேரும்.

எனக்கு உயிரான காமிக் அது. நண்பர் மூன்றே பக்கத்தில் மூடிவிட்டார். எங்கே தவறு?

அவரை நுழையவிட்ட இடத்தில். நீங்கள் ரசிப்பது 800ஆம் பக்கத்துக் காமிக்கை. அவர் கையில் இருப்பது 1ஆம் பக்கம். வெப்காமிக் வரைபவர்களில் பலர் வாசகர் கண்முன்னே வரையக் கற்றுக்கொண்டவர்கள். 'க்வெஸ்சனபிள் கன்டென்ட்' 2003 ஆகஸ்டில் தொடங்கியது; இப்போது 5000 ஸ்ட்ரிப்பைத் தாண்டிவிட்டது. அதன் முதல் ஆண்டுப் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு ஆள் வரைந்தது என்றே தோன்றும். கூடவே வளர்ந்த வாசகருக்கு அந்த ஆரம்பப் பக்கங்கள் மேல் பாசம் இருக்கும். புதியவருக்கு எதற்கு இருக்க வேண்டும்?

அதனால் பரிந்துரைக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். முதல் பக்கத்தைத் திறந்து, பின்னால் வருவது எதுவும் தெரியாதவர்போல் பத்து நிமிடம் படியுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு சிரிப்போ, ஒரு கேள்வியோ, கண்ணை நிறுத்தும் ஒரு படமோ வந்தால் அனுப்பலாம். "பொறுத்துக்கொள், 200 பக்கம் போனால் பிரமாதமாக இருக்கும்" என்று சொல்ல வேண்டியிருந்தால் அது இரண்டாவது பரிந்துரைக்கான காமிக், முதலாவதற்கு ஆகாது.

எந்த லிங்க்கை அனுப்ப வேண்டும்?

முகப்பை அனுப்பாதீர்கள். அதிகம் நடக்கும் தவறு இதுதான். பெரும்பாலான வெப்காமிக் தளங்களின் முகப்பில் கடைசியாக வந்த பக்கம்தான் இருக்கும். தொடர்கதை என்றால், யார் செத்தார், யார் துரோகி என்பதெல்லாம் திறந்தவுடனேயே தெரிந்துவிடும். படத்துக்கு மேலோ கீழோ வரிசையாக அம்புக்குறிகள் இருக்கும். இடக்கோடியில் கோடு போட்ட அம்பு முதல் பக்கத்துக்குப் போகும். அதை அழுத்தி, முதல் பக்கம் வந்தபின் முகவரியை நகலெடுங்கள்.

இன்னொரு சிக்கல்: சில தளங்களில் 'முதல் பக்கம்' என்பது அட்டைப்படமாகவோ, பத்து வருடத்துக்கு முன் எழுதிய அறிவிப்பாகவோ இருக்கும். கதை உண்மையில் எங்கே தொடங்குகிறதோ அந்தப் பக்கத்தைக் கொடுங்கள். தனித்தனி ஜோக்காக வரும் காமிக்கில் முதல் பக்கமே வேண்டாம். நன்றாக வந்த ஒன்றின் எண்ணைக் கொடுத்தால் போதும்.

காமிக்ஸ் பழக்கமே இல்லாதவருக்கு எது?

எக்ஸ்கேசிடி (xkcd). ராண்டல் மன்ரோ 2005 முதல் வரைவது. திங்கள், புதன், வெள்ளி வரும். பெயருக்கு அர்த்தம் கிடையாது, நான்கு எழுத்தையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். குச்சி மனிதர்கள்தான், முகம்கூட இருக்காது. கணிதம், இயற்பியல், நிரலெழுத்து, இவற்றுக்கு நடுவே திடீரென்று காதல். தொடர்கதை இல்லாததால் எங்கேயும் நுழையலாம். அதுவே ஆபத்தும்கூட: தளத்தில் இருக்கும் 'ரேண்டம்' பொத்தானை அழுத்தினால், லினக்ஸ் தெரிந்தவருக்கு மட்டும் புரியும் ஜோக்கில் போய் விழ வாய்ப்பு அதிகம். 3000க்கு மேல் இருக்கின்றன. ஆளைப் பார்த்து எண்ணைக் கொடுங்கள்.

கணினித் துறையில் இருப்பவருக்கு 327: பள்ளியிலிருந்து ஒரு அம்மாவுக்கு போன் வருகிறது, மகனுக்கு அவர் வைத்த பெயரால் மாணவர்களின் தரவுத்தளமே அழிந்துபோனதாம். 'எல்லோருக்கும் பொதுவாக ஒன்று கொண்டுவருவோம்' என்று கூட்டம் போடும் அலுவலகத்தில் இருப்பவருக்கு 927. பதினான்கு தரநிலைகள் பதினைந்தாகும் கதை. ராத்திரி முழுக்க யாரோடாவது இணையத்தில் சண்டை போடுபவருக்கு 386. பருவநிலை மாற்றத்தில் சந்தேகம் உள்ளவருக்கு 1732. அது பனியுகக் கடைசியிலிருந்து இன்றுவரை பூமியின் சராசரி வெப்பநிலையை ஒரே நீளக் கோடாகக் காட்டும். மெல்ல நெளிந்துகொண்டே வரும் கோடு, கடைசி அங்குலத்தில் வலப்பக்கம் பாயும். கீழே வரும்வரை விரல் வலிக்கட்டும்; அந்த நீளம்தான் அதன் வாதமே.

ஆசிரியருக்கு 1053. எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை அமெரிக்காவில் மட்டும் தினமும் சுமார் 10,000 பேர் முதல்முறையாகக் கேள்விப்படுகிறார்கள் என்று பிறப்பு எண்ணிக்கையை வைத்து அதில் கணக்குப் போட்டிருப்பார். "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்கும் பழக்கமுள்ள பரிந்துரைப்பாளர்களும் இதைப் படிக்கலாம்.

நண்பர் "ஜோக் புரியவில்லை" என்கிறார். பாதிதான் வருகிறதா?

இருக்கலாம். எக்ஸ்கேசிடியில் படத்தின் மேல் மவுஸை அசையாமல் வைத்தால் இன்னொரு வரி தெரியும். பல நாள் நல்ல ஜோக் அங்கேதான் இருக்கும். போனில் மவுஸ் கிடையாதே? அதன் மொபைல் பக்கத்துக்குப் போனால் படத்தோடு தனியாக ஒரு இணைப்பு இருக்கும், தொட்டால் அந்த வரி வரும். எஸ்எம்பிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஸாக் வைனர்ஸ்மித்தின் காமிக்கில் படத்துக்குக் கீழே ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் கூடுதலாக ஒரு கட்டம். இவற்றை லிங்க்கோடு ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். தானாக யாரும் கண்டுபிடிப்பதில்லை.

தொடர்கதை வேண்டும். ஆனால் முடிந்துபோனதாக இருக்க வேண்டும்.

'டிகர்'. அர்சுலா வெர்னான் வரைந்தது, கறுப்பு வெள்ளை. 2011இல் முடிந்தது, அறிவியல் புனைவுக்கும் மாயப் புனைவுக்கும் தரும் ஹ்யூகோ விருதை 2012இல் வாங்கியது. கதாநாயகி ஒரு வோம்பாட், வளை தோண்டும் ஆஸ்திரேலிய விலங்கு. நிலத்தடியில் கெட்ட காற்று தலைக்கேறி, திசை தப்பித் தோண்டிக்கொண்டே போய், ஓரிடத்தில் மேலே முட்டிக்கொண்டு வந்தால் அது ஒரு கோயில். எதிரே பிள்ளையார் சிலை. சிலை பேசுகிறது. வோம்பாட்களுக்கோ கடவுள், மந்திரம் எதுவும் ஆகாது. அவர்கள் பொறியாளர் சாதி. அவளுடைய முழுப்பெயரே 'தேவையில்லாமல் வளைந்து நெளிந்த சுரங்கம் தோண்டுபவள்' என்கிற மாதிரி நீளும்.

பிள்ளையாரை வைத்து வெளிநாட்டவர் கதை செய்தால் நமக்குக் கொஞ்சம் உறுத்தும். இங்கே உறுத்தாது. அந்தச் சிலை நிதானமும் பொறுமையும் கொண்ட பாத்திரம், கேலிப்பொருள் இல்லை. முதல் பத்து நிமிடத் தேர்வில் இது சுலபமாகத் தேறும். குழி, கோயில், பேசும் சிலை மூன்றும் உடனே வந்துவிடுகின்றன.

'ஸ்டாண்ட் ஸ்டில், ஸ்டே சைலன்ட்' இன்னொன்று. மின்னா சுண்ட்பெர்க், 2013 முதல் 2022 வரை. கொள்ளைநோயில் உலகம் அழிந்து 90 ஆண்டு கழித்து, மிஞ்சிய வடக்கு ஐரோப்பாவில் ஒரு சிறு குழு பழைய உலகத்துக்குள் பயணம் போகிறது. படங்கள் அள்ளிக்கொண்டு போகும். குழுவில் ஆளுக்கொரு மொழி; யார் எந்த மொழியில் பேசுகிறார் என்பதற்குப் பலூனில் சின்னக் கொடி இருக்கும். அதைக் கவனிக்காவிட்டால், பக்கத்தில் இருப்பவர் ஏன் விழிக்கிறார் என்பது புரியாது. முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: முன்கதை மிக நீளம், அதில் வருகிறவர்கள் கதையின் நாயகர்கள் அல்ல. தெரியாமல் தொடங்கியவர், பழகிய முகங்களெல்லாம் திடீரென்று காணாமல் போனதும் கோபித்துக்கொண்டு விட்டுவிடுவார்.

முடியாதது என்றாலும் பரவாயில்லை, உள்ளே மூழ்க வேண்டும்.

டாம் சிடெலின் 'கன்னர்க்ரிக் கோர்ட்'. 2005இல் தொடங்கியது, வாரம் மூன்று பக்கம். ஆன்டிமனி என்ற சிறுமி ஒரு விசித்திரப் பள்ளியில் சேர்கிறாள். தனக்கு இரண்டு நிழல் விழுவதைக் கவனிக்கிறாள். கூடுதலாக வந்த நிழல், பாலத்துக்கு அப்பால் இருக்கும் காட்டுக்குத் திரும்ப வேண்டும். பாலத்தைத் தாண்டும் அனுமதி அவளுக்கு இல்லை. ஒரு ரோபோவைச் செய்து நிழலை அதனோடு அனுப்புகிறாள். முதல் அத்தியாயம் அவ்வளவுதான், ஒரே மூச்சில் முடியும். அதைப் படித்தும் இரண்டாவதைத் திறக்காதவரை வற்புறுத்தாதீர்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்றும் சொல்லிவிடுங்கள். கணக்கு சுலபம்: பக்கத்துக்கு அரை நிமிடம். 2000 பக்கம் என்றால் 16, 17 மணி நேரம். பழைய பக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்தே பயந்து ஓடுகிறவர்கள் அதிகம். "முதல் அத்தியாயம் பத்து நிமிடம்" என்று சொன்னால் பயம் போய்விடும்.

'ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்' பற்றிப் பலர் சொல்கிறார்கள். எனக்கு முதல் பக்கமே புரியவில்லையே?

உங்கள் தவறில்லை. ரிச் பர்லூவின் அந்தக் காமிக் 2003இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டைக் கிண்டல் செய்து தொடங்கியது. முதல் பக்கத்து ஜோக்கே, விளையாட்டின் விதிமுறைகள் புதிய பதிப்புக்கு மாறிவிட்டன என்பதுதான். முதல் புத்தகம் 1 முதல் 121 வரை. பாதாளக் குகைக்குள் நடக்கும் உதிரி நகைச்சுவைதான் பெரும்பகுதி. அதற்குப் பிறகு கதை விரிந்து, குச்சி உருவங்களை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய காவியம் சொல்ல முடியுமா என்று வியக்கவைக்கும். விளையாட்டு தெரிந்தவருக்கு 1ஆம் பக்கத்திலிருந்து கொடுங்கள். தெரியாதவரிடம், "ஒரு வீரன், ஒரு மந்திரவாதி, ஒரு திருடி சேர்ந்து குகைக்குள் போகிற விளையாட்டு, பகடை உருட்டி முடிவு செய்வார்கள்" என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கொடுத்தால் தாக்குப்பிடிப்பார். ஆனாலும் முதல் பரிந்துரையாக இது வேண்டாம்.

'கேர்ல் ஜீனியஸ்' (ஃபில், காயா ஃபோலியோ; 2005 முதல் இணையத்தில்) முதல் பக்கத்திலிருந்தே படிக்கலாம். பாத்திரங்கள் மட்டும் சந்தைக் கூட்டம்போல் சேர்ந்துகொண்டே போவார்கள். ஒரு மாதம் விட்டுப் படித்தால் யார் யாரென்று மறந்துவிடும். விடுமுறைக்குத்தான் சரிப்படும்.

அவர் போனில் மட்டும்தான் படிப்பார்.

அப்படியானால் வெப்டூன். கொரியாவின் நேவர் நிறுவனம் 2004இல் தொடங்கிய சேவை. ஆங்கிலத் தளம் 2014இல் வந்தது. பக்கம் புரட்ட வேண்டாம், மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போகலாம். கட்டங்களுக்கு நடுவே விடும் வெற்றிடம்தான் இங்கே தாளம்: பயப்பட வேண்டிய இடத்துக்கு முன் திரை முழுக்கக் கருமை, விரல் இரண்டு முறை தள்ளிய பிறகே முகம் தெரியும். அச்சுப் பக்கமாக வரைந்த காமிக்கைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்கும் அவஸ்தை இதில் இல்லை.

தொடக்கத்துக்கு ரேச்சல் ஸ்மைத்தின் 'லோர் ஒலிம்பஸ்' பலருக்குப் பிடிக்கும். 2018இல் தொடங்கி 2024இல் முடிந்தது. கிரேக்கப் புராணத்தின் ஹேடீஸ், பெர்செஃபனி கதை நவீன உடையில். பாலியல் வன்முறை தொடர்பான பகுதி அதில் உண்டு. கொடுக்கும்போதே சொல்லுங்கள், பதின்ம வயதினருக்குப் பெயரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். 'டவர் ஆஃப் காட்' 2010 முதல் வருவது. ஆரம்ப ஓவியம் கரடுமுரடு, ஆனால் முதல் அத்தியாயத்திலேயே ஒரு கோபுரம், ஒரு பெண், அவளைத் தேடி ஏறும் பையன் என்று கொக்கி விழுந்துவிடும்.

காசு விஷயம்: இந்தச் செயலிகளில் புது அத்தியாயங்களை முன்கூட்டியே படிக்க நாணயம் கேட்கும், காத்திருந்தால் இலவசம். முடிந்துபோன தொடர்கள் சிலவற்றில் நாளுக்கு இத்தனை அத்தியாயம்தான் இலவசம் என்று கட்டுப்பாடு இருக்கும். "ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம்" என்று நீங்கள் சொல்லி அனுப்பி, அவர் அன்றைய பங்கோடு மாட்டிக்கொண்டு நிற்பார். அனுப்பும் முன் அந்தத் தொடர் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு?

டேவிட் ரெவாயின் 'பெப்பர் அண்ட் கேரட்'. பிரான்ஸ்காரர், 2014 முதல். பெப்பர் ஒரு குட்டி சூனியக்காரி, கேரட் அவளுடைய பூனை. ஒவ்வொரு அத்தியாயமும் சில பக்கங்களே, ஆங்கிலமும் எளிது. பூனையின் முட்டாள்தனத்துக்கு மொழியே தேவையில்லை. பூனை என்றதும் 'லாக்கடெய்சி'யைக் கொடுத்துவிடாதீர்கள். ட்ரேசி பட்லரின் அந்தக் காமிக்கும் பூனைகள்தான், ஓவியமும் அசாத்தியம். ஆனால் 1927இன் செயின்ட் லூயிஸ், கள்ளச்சாராயம், துப்பாக்கி.

நம் ஊர்ச் சூழலில் எதுவும் இல்லையா?

இந்தியாவிலிருந்து ஆங்கிலத்தில் வருபவை உண்டு. ரோஹன் சக்ரவர்த்தியின் 'கிரீன் ஹ்யூமர்' காட்டுயிர்களைப் பற்றியது. ஜோக்கோடு உயிரினத் தகவலும் சேர்ந்து வரும், பறவை பார்ப்பவர்களுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். ரச்சிதா தனேஜாவின் 'சானிட்டரி பேனல்ஸ்' குச்சி மனிதர்களை வைத்த அரசியல் கிண்டல். அரசியல் பேசினால் சண்டை வரும் குடும்பக் குழுவில் போடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் படமாகவே அனுப்பினால் என்ன?

நான்கு விஷயம் கெடும். படம் சுருக்கப்பட்டு எழுத்து மங்கும். நீளமாகக் கீழிறங்கும் காமிக் என்றால் முன்னோட்டத்தில் ஒரு பகுதி மட்டும் தெரியும். மவுஸ் வரி போய்விடும். வரைந்தவர் பெயர் ஓரத்தில் வெட்டுப்படும், அடுத்த நாள் அது வேறு யாரோ பக்கத்தில் அவர்கள் சரக்காகச் சுற்றும். லிங்க் அனுப்புங்கள். படம்தான் அனுப்ப வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் சுருங்காது; வரைந்தவர் பெயரையும் கீழே தட்டிவிடுங்கள்.

பிடித்துப்போனது, தொடர்ந்து படிக்க மறந்துவிடுகிறேன்.

ஆர்எஸ்எஸ் ஓடை: ஒரு தளத்தில் புதிதாக வருவதைத் தானாகக் கொண்டுவந்து சேர்க்கும் வசதி. பழைய தொழில்நுட்பம், இன்னும் இதற்கு ஈடு இல்லை. ஃபீட்லி, இனோரீடர் போன்ற ஓடை படிக்கும் செயலி ஒன்றில் கணக்குத் தொடங்கி, தேடல் பெட்டியில் காமிக்கின் முகவரியை ஒட்டினால் ஓடை கிடைக்கும். புதுப் பக்கம் வந்தால் அங்கே நிற்கும். இன்ஸ்டாகிராமில் பின்தொடர்ந்தால் வரிசை கலைந்து வரும். தொடர்கதைக்கு அது ஆகாது. பாதியில் நிறுத்தும்போது அந்தப் பக்கத்தையே புக்மார்க் செய்யுங்கள், தளத்தை அல்ல.

'ஹோம்ஸ்டக்' திறந்தால் சில பக்கங்கள் ஓடுவதில்லையே?

ஆண்ட்ரூ ஹஸ்ஸியின் அந்தத் தொடர் 2009 ஏப்ரல் 13இல் தொடங்கி 2016 ஏப்ரல் 13இல் முடிந்தது, 8000 பக்கத்துக்கு மேல். நடுநடுவே வரும் இசை, அசைபடம், விளையாட்டு எல்லாம் ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் செய்தவை. அடோபி 2020 கடைசியோடு ஃப்ளாஷை நிறுத்தியதும் அவை சிதைந்தன. பழைய வடிவிலேயே படிக்க ரசிகர்கள் 'அன்அஃபிஷியல் ஹோம்ஸ்டக் கலெக்‌ஷன்' என்று கணினிக்கு ஒரு செயலி செய்திருக்கிறார்கள். அதை இறக்கிக்கொள்வதே சரி. புதியவருக்கு முதலில் கொடுக்கும் காமிக் இல்லை இது, இரண்டாவதாகவும் இல்லை.

தமிழில் கொடுக்க முடியுமா?

'பெப்பர் அண்ட் கேரட்'டை யாரும் மொழிபெயர்த்து வெளியிடலாம். வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தில்தான் வருகிறது. மூலக் கோப்புகளும் கிடைக்கும்: ஓவியம் க்ரிட்டா என்ற வரையும் மென்பொருளில், எழுத்து தனியாக இன்க்ஸ்கேப் என்ற இன்னொரு மென்பொருளில் திறக்கும் கோப்பில். பலூன் எழுத்தை மட்டும் மாற்றினால் போதும், படத்தைத் தொட வேண்டாம்.

இடறுவது பலூனில்தான். ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தில் "நோ" என்று முடிவதைத் தமிழில் "முடியவே முடியாது" என்று எழுதினால் பலூன் வெடித்துவிடும். "ம்ஹூம்" அழகாக உட்காரும். சொற்கள் நீளமாவதால் வரி உடையும் இடமும் மாறும். 'பறந்துகொண்டிருக்கிறது' ஒரு குறுகிய பலூனில் எந்த அளவிலும் அடங்காது, 'பறக்குது' அடங்கும். பேச்சுத்தமிழைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல காரணம் வேண்டாம். வரி இடைவெளியையும் கூட்டிக்கொள்ளுங்கள், ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியில் மேல்வரியின் 'ழு'வும் கீழ்வரியின் 'கி'யும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.